ஃப்ரீ சைஸ்

மதுரை ஆபீசில் மூன்று நாள் பயிற்சி.
பேரைச் சொல்லிக் கூப்பிடு. சிரி.
'வேண்டாம்' என்றால் பாதி 'வேணும்'.
எல்லாம் பச்சை அட்டை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

சின்னப்பாலத்தில் என் முதல் வாடிக்கையாளர் பெயரே
நம்பு.
சிரிப்பு வந்துவிட்டது.
"என்னத்துக்குத்தா சிரிக்கிற?"
"ஒண்ணுமில்லக்கா. உங்க பேரைச் சொல்லித்தான்
எங்க கம்பெனி சரக்கே விக்கிது."

கடல் செருப்பு, நீர்க்கண்ணாடி, கையுறை.
மூன்றும் சேர்த்து எழுநூற்றைம்பது,
வாரம் நூறு தவணை.
பாசி எடுக்கும் பெண்கள் அந்தத் தெருவில் நாற்பத்தொரு பேர்.
காலுக்குத் தகரம் வெட்டி ரப்பரில் கட்டியிருந்தார்கள்,
விரலுக்குப் பழைய சேலைக் கிழிசல்.
இதற்குமேல் பேசி விற்க என்ன இருக்கிறது?
மூன்றே நாளில் எல்லாம் தீர்ந்தது.
மேனேஜர் வாட்ஸப் குரூப்பில் என் படம் போட்டார்.
டோசன் ஐஸ் கம்பெனி நைட் ஷிப்டை மாற்றிக்கொண்டு
பரோட்டா வாங்கி வந்தான்.

அமாவாசை கழிந்து போன் வந்தது.
நம்பு அக்கா காலை நீட்டிக் காட்டினாள்.
குதிகாலிலிருந்து பெருவிரல்வரை ஒரே கீறல்,
மஞ்சள் அப்பியிருந்தது.
"ஒஞ் செருப்பு பாறையில நின்னுக்கிருச்சு.
நாந்தான் நிக்கல."
திட்டவில்லை. திட்டியிருந்தால்
நோட்டில் அதற்குப் பதில் இருந்தது.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன்:
ஃப்ரீ சைஸ்.
யார் காலை அளந்து ஃப்ரீ?
இந்தத் தெருவில் நாலு, மிஞ்சினால் அஞ்சு.
கேட்காமல் விற்றது கம்பெனி இல்லை.

விற்றது விற்றதுதான் என்றது மதுரை.
ராத்திரி டோசனும் நானும் கணக்குப் போட்டோம்.
இரண்டு வாரத் தவணை, எட்டாயிரத்து இருநூறு.
"வண்டி டியூவை ஒரு மாசம் தள்ளலாம்" என்றான்,
என்னைப் பார்த்து அல்ல, சோற்றுப் பானையைப் பார்த்து.

வீடு வீடாகக் கொடுத்தேன்.
ஒருத்தி இரண்டு தடவை எண்ணினாள்.
ஒருத்தி கேட்டாள்:
"திரும்பி வந்திருக்கியே, வேற என்னத்த விக்கப்போற?"

விற்கவில்லை. வள்ளத்தில் ஏறிக்கொண்டேன்.
தங்கச்சிமடத்தில் பிறந்தவள், கடல் எனக்குப் புதிதா?
தீவு வருவதற்குள் இரண்டு முறை வாந்தி.
நான் விற்ற செருப்பை நானே போட்டு இறங்கினேன்.
தண்ணீர் புகுந்தது, மணல் புகுந்தது,
கால் ஒரு பக்கம், அது ஒரு பக்கம்.
கண்ணாடியில் ஆவி படிந்து எல்லாம் பால்.
கையுறை போட்ட விரலுக்கோ
பாசி எது பவளம் எது என்றே தெரியவில்லை.
அவர்கள் மூச்சை அடக்கி மூழ்கி எழும்பினார்கள்,
இடுப்புப் பை கனத்துக்கொண்டே வந்தது.
நான் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
உலகத்தின் மோசமான விற்பனைப் பிரதிநிதி.

சாயங்காலம் தினசரித் தாளை விரித்து
ஒவ்வொரு காலாக வைத்து பேனாவால் வரைந்தேன்.
கூச்சம், சிரிப்பு, ஒரு கால் மாற்றி ஒரு கால்.
மகள் ரெனிட்டா பெயர் எழுதினாள்,
எழுத்துப் பிழையோடு.
நாற்பத்தொரு தாள். மதுரைக்கு அனுப்பினேன்.

பதில் இல்லை.
நாலு மாதம் டார்கெட்டில் முட்டை.
மண்டபத்தில் ஐஸ் பெட்டி விற்று ஓட்டினேன்.
குரூப்பில் வேறு யாருடைய படமோ.
விட்டுவிடலாம் என்று இரண்டு முறை டைப் செய்தேன்,
இரண்டு முறையும் சார்ஜ் தீர்ந்தது.
அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

கடைசியில் ஆம்பூரில் ஒரு பட்டறைக்காரர்
தாள்களைப் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டார்:
"அஞ்சாவது தாள்ல சுண்டுவிரல் இல்லையே,
வரைய விட்டுப்போச்சா?"
"இல்லண்ணே. அவங்களுக்கு அது இல்ல."
சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.
பன்னிரண்டு ஜோடி முதலில் தைத்துத் தந்தார்,
மெல்லிய அடி, குதிகாலில் வார்.

இன்றைக்கு நம்பு அக்கா அதைப் போட்டு இறங்கினாள்.
நான் வள்ளத்தில் எலுமிச்சையை முகர்ந்தபடி இருந்தேன்.
எழும்பி வந்து காற்றைப் பற்றிப் பேசினாள்,
மருமகள் பிரசவத்தைப் பற்றி, பாசி விலையைப் பற்றி.
காலைப் பற்றிப் பேச்சே இல்லை.
கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

கரை ஏறும்போது
ஈரக் கையுறையைக் கழற்றி என் மடியில் எறிந்தாள்:
"சரி. இதுக்கு எப்ப வர்ற?"